ஊரைக் கேட்டு ஒரு முத்திரை
உள்ளூர் வானொலி உரிமத்தைப் புதுப்பித்தல்: ஓர் ஆய்வு

திருவாலங்காட்டின் பெயரை வெளியூரார் இரண்டு வகையில் அறிவார்கள். இரத்தின சபை அமைந்த வடாரண்யேசுவரர் கோயில், காரைக்கால் அம்மையார் இறைவனின் ஆடலைக் கண்டு பாடிய தலம் என்பது ஒன்று. 1905இல் கிடைத்த சோழர் செப்பேடுகள் மற்றொன்று. 31 ஏடுகள், அவற்றைக் கோத்த வளையம், அதன்மேல் சோழ முத்திரை. சோழர் குலவரிசையை அறிய விரும்பும் எவரும் இந்த ஏடுகளைத் தொடாமல் போக முடியாது.

ஆனால் அந்த ஏடுகள் பிறந்தது குலப்பெருமை சொல்வதற்காக மட்டும் அன்று. முதலாம் இராசேந்திரன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்தான். அதற்கான ஆணைப் பத்திரம் அது. அரசன் சொன்ன சொல்லை ஓலையில் எழுதியவர், சரிபார்த்தவர், வரிக் கணக்கில் ஏற்றியவர் என்று பல கைகளைக் கடந்து அந்த ஆணை ஊருக்கு வந்தது. வந்த பிறகும் அது முழுமை பெறவில்லை. பெண் யானை ஒன்றை எல்லை நெடுகிலும் நடத்தி, ஊர் எதுவரை என்பதை ஊரார் முன்னிலையில் உறுதி செய்தார்கள். தலைநகரில் எழுதிய எழுத்துக்கு ஊர் மண்ணில் நடந்த நடை சான்றானது.

ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு நம் காலத்தில், நிலத்தைப் போலவே எல்லை வகுத்து அரசு அளிக்கும் இன்னொரு பொருள் இருக்கிறது. அது வானொலி அலைவரிசை. ஒரு சிற்றூரில் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்கும் சமுதாய வானொலி நிலையம் கூட தில்லியில் அனுமதி பெற்றுத்தான் இயங்க வேண்டும். அனுமதிக் காலம் முடியும்போது மறுபடியும் தில்லிக்கே போய்ப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பித்தலில் யார் யாரைக் கேட்கிறார்கள், யாரைக் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நேயரும் உரிமம் வாங்கிய காலம்

இன்றைய இளைஞர்களுக்குச் சொன்னால் வியப்பார்கள். 1980களின் நடுப்பகுதி வரை, வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் அதற்கு லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். அஞ்சலகத்தில் ஒரு சிறு புத்தகம் தருவார்கள். ஆண்டுதோறும் பணம் கட்டி, அதில் முத்திரை குத்தி வாங்கி வரவேண்டும். தேதி தவறினால் அபராதம். பாட்டு கேட்பதற்கும் விவசாய நிகழ்ச்சி கேட்பதற்கும் குடும்பத் தலைவர் அஞ்சலகத்தில் வரிசையில் நின்றார். நேயர் செய்த புதுப்பித்தல் அது. அந்த முறை நீக்கப்பட்டது நல்லதே. ஆனால் அதோடு, ஒலிபரப்புக்கும் நேயருக்கும் இடையே இருந்த ஒரே எழுத்துப்பூர்வமான உறவும் அறுந்துபோனது.

தமிழகத்தில் வானொலி தொடங்கியது அரசு அலுவலகத்தில் அன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1924 மே மாதம் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவானது. அதே ஆண்டு சூலை 31 அன்று 40 வாட் ஆற்றல் கொண்ட சிறு டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆர்வலர்கள் கூடி நடத்திய, உறுப்பினர் சந்தாவில் நின்ற உள்ளூர் நிலையம் அது. மூன்றே ஆண்டில், 1927இல், பணமில்லாமல் நின்றது. கருவிகளைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பியது. 1938 சூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியதும் மாநகராட்சியின் பணி முடிந்தது.

கழகம், மாநகராட்சி, மத்திய அரசு என்று வானொலி பதினான்கு ஆண்டுகளில் மேல்நோக்கியே நகர்ந்தது. மறுபடியும் கீழிறங்கி ஊருக்கு வர அதற்கு 66 ஆண்டுகள் ஆயின. இந்த வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. உள்ளூர் நிலையம் பெரும்பாலும் தடை உத்தரவால் சாவதில்லை. கவனிப்பாரற்றுப் பணமுடையால்தான் சாகிறது. புதுப்பித்தலின் சிக்கல்களைப் பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது.

அலைவரிசை யாருடைய சொத்து?

1995 பிப்ரவரி 9 அன்று, வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. அரசு அதன் உடைமையாளர் அன்று; மக்களின் சார்பில் அதை ஒழுங்குபடுத்தும் காவலர் மட்டுமே. இந்திய ஒலிபரப்புச் சட்டத்தின் போக்கையே திருப்பிய தீர்ப்பு இது. இதன் பிறகு எழுந்த சமுதாய வானொலிக் கோரிக்கைக்குச் செவிசாய்த்து, 2002 திசம்பரில் மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 90.4 மெகாஹெர்ட்சில் ஒலித்தது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுதான்.

2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் மையங்களுக்கும் அனுமதி விரிந்தது. 2008 அக்டோபர் 15 அன்று, அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில், ஒடுக்கப்பட்ட சமூகப் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ தொடங்கியது. தமிழகத்தில் ஆழிப்பேரலை அழித்த நாகைக் கரையில், விழுந்தமாவடியில், களஞ்சியம் சமுதாய வானொலி எழுந்தது. 2016 ஆகஸ்டு 15 முதல் பாம்பனில் கடல் ஓசை மீனவர்களுக்காகவே இயங்குகிறது. இன்று நாடு முழுவதும் இத்தகைய நிலையங்கள் ஏறத்தாழ 500 உள்ளன. இந்தியாவின் ஊர்களோடு ஒப்பிட்டால் இது கடலில் கரைத்த பெருங்காயம்.

இந்த நிலையங்களுக்கான விதிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒலிபரப்பு ஆற்றல் பொதுவாக 100 வாட்டுக்கு மேற்படக் கூடாது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும். நிலையம் தானாகச் செய்தி தயாரிக்கக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். 2006 விதிப்படி அனுமதிக் காலம் ஐந்து ஆண்டு. 2024 பிப்ரவரி 13, உலக வானொலி நாளன்று வெளியான திருத்திய வழிகாட்டுதல்கள் முதல் அனுமதிக் காலத்தைப் பத்து ஆண்டாக்கின. ஒரு மணி நேரத்துக்கு ஏழு நிமிடமாக இருந்த விளம்பர நேரம் பன்னிரண்டானது. பத்து விநாடி அரசு விளம்பரத்துக்கு 52 ரூபாயாக இருந்த கட்டணம் 74 ரூபாயானது. நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது.

இந்தத் திருத்தங்களை நான் மனமார வரவேற்கிறேன். ஐந்து ஆண்டு பத்தானதால் புதுப்பித்தல் சுமை பாதியானது. ஆனால் சுமை எதுவென்பது இன்னும் மாறவில்லை.

ஒரு நிலையம், இரண்டு கெடு

புதுப்பித்தல் என்று ஒருமையில் சொல்கிறோம். நடைமுறையில் அது இரண்டு. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தோடு நிலையம் செய்துகொள்ளும் அனுமதி ஒப்பந்தம் ஒன்று. என்ன ஒலிபரப்பலாம், யார் நடத்தலாம் என்பதை அது சொல்கிறது. தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் தொடர்புப் பிரிவு தரும் இயக்க உரிமம் மற்றொன்று. எந்த அலைவரிசை, எத்தனை வாட், கோபுரம் எந்த இடத்தில் என்பதை அது சொல்கிறது. இரண்டுக்கும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு இணையதளம், வேறு வேறு கெடுத்தேதி. ஒன்று இருந்து மற்றொன்று காலாவதியானால், இருப்பதும் பயன்படாது.

இரண்டு விண்ணப்பத்துக்கும் அடியில் நிற்பது நிலையத்தை நடத்தும் அமைப்பின் ஆரோக்கியம். தமிழகத்தில் சங்கமாகப் பதிந்த அமைப்பு ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு ஆண்டு விட்டுப்போனால் அதைச் சரிசெய்து முடிக்கவே மாதங்கள் ஓடிவிடும். தணிக்கை செய்த கணக்கு, அலைவரிசைக் கட்டணம் கட்டிய ரசீதுகள், நிகழ்ச்சி விவரம் ஆகிய அனைத்தும் கையில் இருக்க வேண்டும். ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளின் பதிவை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பதும் விதி.

இது ஒன்றும் நியாயமற்ற பட்டியல் அன்று. பொதுச் சொத்தைப் பயன்படுத்துவோர் கணக்குக் காட்டத்தான் வேண்டும். சிக்கல், இந்த வேலையைச் செய்யும் கைகள் எவை என்பதில் இருக்கிறது. ஒரு தனியார் பண்பலை நிறுவனத்தில் சட்டப் பிரிவு இருக்கும், தில்லியில் ஆள் இருப்பார். சமுதாய வானொலியில் காலையில் நிகழ்ச்சி தொகுத்து, மதியம் ஒலிப்பதிவு செய்து, மாலையில் இணைப்புக் கம்பியைப் பற்றவைக்கும் அதே பெண்தான் இரவில் விண்ணப்பத்தையும் நிரப்புகிறார்.

எங்கே சிக்குகிறது?

முதல் சிக்கல் பணம். 2012இல் ஆண்டுக்கு 19,700 ரூபாயாக இருந்த அலைவரிசைக் கட்டணம் 91,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாடு முழுவதும் நிலையங்கள் எதிர்த்தன, உயர்வு கைவிடப்பட்டது. அரசு இறங்கிவந்தது பாராட்டுக்குரியது. ஆனால் ஒரு துறை வளர்க்க நினைக்கும் பயிரை இன்னொரு துறை ஒரே சுற்றறிக்கையில் வாடவைத்துவிட முடியும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். புதிய கட்டணப்படி பன்னிரண்டு நிமிடமும் அரசு விளம்பரத்தால் நிரம்பினால் ஒரு மணி நேரத்துக்கு 5,328 ரூபாய் வரும். கணக்கில் இது அழகு. சிற்றூரில் அந்த நேரத்தை நிரப்ப யார் வருவார்? விதை உரக் கடை, பாத்திரக் கடை, பக்கத்து நகரத்துத் துணிக்கடை என்று சிலர் வருவார்கள். அரசு விளம்பரம் பெற வேண்டுமானால் அனுமதி ஆவணங்கள் நடப்பில் இருக்க வேண்டும். ஆக, புதுப்பித்தல் தாமதமானால் வருமானம் நிற்கிறது. வருமானம் நின்றால் புதுப்பிக்கப் பணமில்லை. இந்தச் சுழலில் சிக்கிய நிலையம் வெளியே வருவது கடினம்.

இரண்டாவது சிக்கல் ஆள். திருவாலங்காடு இருக்கும் திருவள்ளூர் மாவட்டம் போன்ற தொழிற்பகுதியில் இது இன்னும் கூர்மையானது. பயிற்சி பெற்ற இளைஞர் ஓராண்டில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ திருப்பெரும்புதூருக்கோ வேலைக்குப் போய்விடுவார். கம்பெனி பஸ் வாசலுக்கு வருகிறது, மாதச் சம்பளம் கையில் வருகிறது. அவரைக் குறை சொல்ல யாருக்கு உரிமை? ஆனால் விண்ணப்பத்தின் கடவுச்சொல்லும், எந்தக் கோப்பு எங்கே என்ற நினைவும் அவரோடு போய்விடுகின்றன.

மூன்றாவது சிக்கல் மௌனம். விண்ணப்பித்த பிறகு பதில் வரும்வரை நிலையம் ஒலிபரப்பலாமா, கூடாதா என்ற அச்சம் நடத்துவோரைத் தின்கிறது. இதைப் பற்றிய தெளிவு ஒவ்வொரு நிலையத்தின் சுவரிலும் ஒட்டும் அளவுக்கு எளிய மொழியில் இருக்க வேண்டும்.

மறுப்புக்குக் காரணம் வேண்டும்

புதுப்பித்தல் மறுக்கப்பட்டால் என்ன என்ற கேள்விக்கு அண்மையில் தெளிவான விடை கிடைத்தது. கேரளத்தின் மீடியாஒன் தொலைக்காட்சி 2011இல் பத்தாண்டு அனுமதி பெற்றது. 2021இல் புதுப்பிக்கக் கேட்டபோது உள்துறை அமைச்சகம் பாதுகாப்பு ஒப்புதல் தரவில்லை. 2022 சனவரி 31 அன்று அனுமதி நீக்கப்பட்டது. காரணத்தை நீதிமன்றத்திடம் மூடிய உறையில் கொடுத்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் அரசின் முடிவை ஏற்றது. 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து, உரிமத்தை நான்கு வாரத்துக்குள் புதுப்பிக்க உத்தரவிட்டது. பாதிக்கப்படுவோருக்குக் காரணம் சொல்லாமல் மறுப்பது இயற்கை நீதிக்கு எதிரானது, அரசை விமர்சிப்பது உரிமத்தை மறுக்கக் காரணம் ஆகாது என்பவை அதன் சாரம்.

தமிழகத்துக்கும் இதே போன்ற ஓர் அனுபவம் உண்டு. 2015இல் பண்பலை அலைவரிசைகளின் மூன்றாம் கட்ட ஏலத்தில், சூரியன் எஃப்எம் நடத்தும் சன் குழுமத்துக்குப் பாதுகாப்பு ஒப்புதல் மறுக்கப்பட்டது. குழுமம் சென்னை உயர் நீதிமன்றம் சென்று, ஏலத்தில் பங்கேற்க இடைக்கால அனுமதி பெற்றது. பெரிய நிறுவனங்களுக்கு வழக்கறிஞர் உண்டு, வாய்தாவுக்கு வாய்தா காத்திருக்கப் பணமும் உண்டு. சிற்றூர் நிலையம் ஒரு மறுப்புக் கடிதத்திலேயே பூட்டிவிடும். ஆகவே உச்ச நீதிமன்றம் சொன்ன நெறி பெரியவர்களைவிடச் சிறியவர்களுக்கே அதிகம் தேவை.

இலங்கையில் 1997இல் கொண்டுவந்த ஒலிபரப்பு அதிகார சபை மசோதாவை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்றது. அரசின் பிடியில் இல்லாத சுதந்திரமான அமைப்பே ஒலிபரப்பை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது அதன் கருத்து. பத்தாண்டு கழித்து, 2007 அக்டோபரில், தவறான தாக்குதல் செய்தி ஒன்றை ஒலிபரப்பியதற்காக ஏபிசி நிறுவனத்தின் வானொலிகள் அனைத்தும் ஒரே உத்தரவில் நிறுத்தப்பட்டன. இலங்கைத் தமிழ் நேயர்களின் சூரியன் எஃப்எம்மும் (தமிழகத்தின் சூரியன் வேறு) அவற்றில் ஒன்று. செய்தியில் பிழை இருந்திருக்கலாம். பிழைக்குத் திருத்தம் கேட்கலாம், தண்டம் விதிக்கலாம். இலட்சக்கணக்கான நேயர்களின் காதை அடைப்பது எந்தப் பிழைக்கும் அளவான தண்டனை ஆகாது.

நேயர் வழக்குத் தொடுத்த நாடு

புதுப்பித்தலில் நேயருக்கு இடம் உண்டா? இந்தக் கேள்விக்கு உரக்க விடை சொன்னது அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் நடந்த ஒரு போராட்டம். ஜாக்சன் நகரில் டபிள்யூஎல்பிடி என்ற தொலைக்காட்சி நிலையம் இருந்தது. அதன் ஒளிபரப்பு எல்லைக்குள் வாழ்ந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கறுப்பின மக்கள். அவர்களின் குரலுக்கும் உரிமைப் போராட்டத்துக்கும் நிலையம் இடம் தரவில்லை. 1964இல் உரிமம் புதுப்பிக்கும் நேரத்தில், எவரெட் பார்க்கர் என்ற பாதிரியாரின் முன்முயற்சியில் ஒரு திருச்சபையும் உள்ளூர் மக்களும் எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். நீங்கள் வெறும் நேயர்கள், உங்களுக்கு வழக்காட உரிமையில்லை என்றது உரிமம் வழங்கும் ஆணையம். 1966இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிலையம் நேயருக்காகவே இருக்கிறது. அதன் புதுப்பித்தலில் நேயரும் ஒரு தரப்பு என்றது. 1969இல் அந்த நிலையத்தின் உரிமம் பறிபோனது.

இன்று அமெரிக்காவில் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். விண்ணப்பித்த செய்தியை நிலையம் நேயருக்கு அறிவித்தாக வேண்டும். கனடாவில் உரிமம் நெடுங்காலம் அதிகபட்சம் ஏழு ஆண்டுக்கே தரப்பட்டது. ஆணையம் விண்ணப்பத்தை வெளியிட்டு, பொதுமக்களின் கருத்தை எழுத்தில் கேட்கிறது. விதி மீறிய நிலையத்துக்கு உரிமத்தைப் பறிக்காமல் குறுகிய காலத்துக்கு மட்டும் புதுப்பித்து எச்சரிக்கிறது. டொரண்டோவில் 101.3 பண்பலையில் தமிழ் நிகழ்ச்சி கேட்கும் ஈழத் தமிழர், தம் வானொலி ஒழுங்காக நடக்கிறதா என்று எழுதி அனுப்பலாம். அவர் எழுத்து கோப்பில் ஏறும். திருவாலங்காட்டுக்குப் பக்கத்துச் சின்னம்மாப்பேட்டையில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. இருவரும் கேட்பது ஒரே மொழி. சட்டத்தின் காதில் ஒருவர் குரலே விழுகிறது.

புதுப்பித்தலே வேண்டாமா?

சமுதாய வானொலிக்கு நிரந்தர அனுமதி கொடுத்துவிடலாம், புதுப்பித்தல் எதற்கு என்ற வாதமும் உண்டு. நல்ல நிலையங்கள் படும் பாட்டைப் பார்த்தால் மனம் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும். ஆனால் அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அலைவரிசை எல்லையற்றதன்று. சமுதாய வானொலிக்கு ஒதுக்கிய எண்கள் மிகச் சில, 90.4, 90.8, 91.2, 107.8 என்று அதே எண்களைத்தான் தொலைதூர ஊர்கள் பகிர்ந்துகொள்கின்றன. கல்லூரியின் விளம்பரத் தாளில் பெயர் வரவேண்டும் என்று அனுமதி வாங்கி, நாள் முழுவதும் சினிமாப் பாட்டை ஓட்டிக்கொண்டிருக்கும் நிலையம் ஒன்று இருந்தால், அந்த வட்டாரத்தில் உழைக்கக் காத்திருக்கும் இன்னோர் அமைப்பின் இடம் அடைபடுகிறது. எனவே காலமுறைச் சோதனை தேவைதான்.

சோதிப்பவர் யார் என்பதில்தான் என் வேறுபாடு. இப்போதைய முறை ரசீதைச் சோதிக்கிறது, கோபுரத்தின் உயரத்தைச் சோதிக்கிறது, நிர்வாகிகளின் பின்னணியைச் சோதிக்கிறது. நிலையம் ஊருக்குப் பயன்பட்டதா என்பதை ஊரிடம் கேட்பதில்லை. பொதுச் சொத்து என்று 1995இல் சொன்னோம். புதுப்பிக்கும் நாளில் அந்தப் பொதுமக்களை அழைக்க மறந்துவிட்டோம்.

திருவாலங்காட்டுக் காது

சென்னைப் பண்பலைகள் அரக்கோணம் மின்சார ரயிலில் வருவோரின் காதில் திருவள்ளூர் வரை தெளிவாக ஒலித்து, மேற்கே போகப் போக இரைச்சலோடு கேட்கும். கேட்டாலும் அவை பேசுவது அண்ணா சாலை நெரிசலை. 100 வாட் நிலையம் ஒன்று திருவாலங்காட்டில் நின்றால் பழையனூர், மணவூர், கனகம்மாசத்திரம், அரக்கோணம் எல்லை என்று அதன் குரல் போகும். அந்த வட்டத்துக்குள் பேச வேண்டியவை எத்தனை!

திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பது திருவாலங்காட்டில்தான். கரும்பு வெட்டும் முறை யாருக்கு எப்போது, நிலுவைத் தொகை எப்போது வரும் என்பவை விவசாயியின் வீட்டுக் கல்யாணத் தேதியையே முடிவு செய்யும் செய்திகள். ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலங்கள் மூழ்கும். அந்த நீர் பூண்டி ஏரிக்குப் போகும் முன் கரையோரச் சிற்றூர்களுக்கு எச்சரிக்கை வேண்டும். திருத்தணி வட்டாரம் 1960இல்தான் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு சேர்ந்தது. பல வீடுகளில் தெலுங்கும் தமிழும் கலந்தே புழங்குகின்றன. சென்னை நிலையம் எதற்கும் இந்த இருமொழிக் காது ஒரு பொருட்டன்று.

கிழக்கே கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனால் தேவை இன்னும் பெரிது. சிப்காட்டில் ஒடிசா, பீகார், வங்காளம் என்று பல மாநிலத் தொழிலாளர், முகாமில் ஈழத் தமிழர், பழவேற்காட்டில் மீனவர். ஶ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் மீனவர் கடலுக்குப் போகக் கூடாது. அந்த அறிவிப்பு நேரத்துக்குச் சேர வேண்டும். 2023 திசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது, மக்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் இருட்டில் வீட்டைவிட்டு ஓடினார்கள். காற்று எத்திசையில் வீசுகிறது, ஈரத்துணியை முகத்தில் கட்டுங்கள் என்று அவரவர் மொழியில் சொல்ல ஒரு குரல் வேண்டும். தொழிற்பகுதியில் உள்ளூர் வானொலி பொழுதுபோக்கு மட்டுமன்று. தீயணைப்பு வண்டியைப் போல அவசரத் தேவை. அதன் அனுமதி காலாவதியாகிக் கிடக்கும் இரவில் ஆபத்து வந்தால் யார் பொறுப்பு?

செய்யக்கூடியவை

புதுப்பித்தலை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரப் பெரிய சட்டம் தேவையில்லை. நம்மிடம் இருக்கும் அமைப்புகளே போதும்.

தமிழகத்தில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. நிலையத்தின் கேட்கும் எல்லைக்குள் உள்ள ஊராட்சிகளில், ஆண்டுக்கு ஒரு சபையிலாவது நிலையம் தன் கணக்கை வாசிக்கட்டும். எத்தனை மணி நேரம் ஒலிபரப்பினோம், எத்தனை உள்ளூர்க் குரல் வந்தது, பெண்கள் எத்தனை பேர் பேசினார்கள், பணம் எங்கிருந்து வந்து எங்கே போனது என்று சொல்லட்டும். சபை சொல்லும் குறையும் நிறையும் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தோடு அந்தத் தீர்மான நகல்களை இணைப்பதை அமைச்சகம் கட்டாயமாக்கினால், தில்லி அதிகாரியின் மேசையில் முதல் முறையாக நேயரின் எழுத்து இருக்கும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு என்பதை அறிவேன். ஊராட்சியில் செல்வாக்கு உள்ளவர்கள் தமக்குப் பிடிக்காத நிலையத்துக்கு எதிராகச் சபையைத் திருப்பலாம். இருளர் குடியிருப்பைப் பற்றி நிகழ்ச்சி செய்த நிலையத்தின்மேல் ஊர்ப் பெரியவருக்குக் கோபம் வரலாம். எனவே சபையின் கருத்து சான்றாக மட்டும் இருக்க வேண்டும். தடை போடும் அதிகாரம் அதற்குக் கூடாது. தனி நேயரும் நேராக எழுதி அனுப்ப வழி வேண்டும்.

அரசின் பக்கம் நான்கு கடமைகள் உள்ளன. காலக்கெடுவுக்குள் விண்ணப்பித்த நிலையம், பதில் வரும்வரை அச்சமின்றி ஒலிபரப்பலாம் என்பதை விதியில் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுத வேண்டும். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தந்து, பதில் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். இரண்டு துறைகளின் காலத்தையும் ஒன்றாக்கி, ஒரே விண்ணப்பத்தில் முடிக்க வேண்டும். இலாபம் நோக்காத நிலையத்திடம் வாங்கும் அலைவரிசைக் கட்டணத்தைப் பெயரளவுக்குக் குறைக்க வேண்டும்.

நிலையம் நடத்துவோருக்கும் ஒரு சொல். காலாவதித் தேதிக்கு ஓராண்டு முன்பே வேலையைத் தொடங்குங்கள். பதிவாளரிடம் தாக்கல், தணிக்கை, கட்டண ரசீது ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து, இரண்டு பேருக்காவது அதன் இருப்பிடம் தெரியும்படி வையுங்கள். புதுப்பிக்கப் போகிறோம் என்பதை ஒலிபரப்பிலேயே நேயரிடம் சொல்லுங்கள். நம் வானொலிக்கு இன்ன தேதியோடு கெடு முடிகிறது என்று அறிந்த ஊர், அதை எளிதில் சாகவிடாது. 1927இல் சென்னைக் கழகம் நின்றபோது பெட்டியருகே காத்திருந்தவர்களிடம் யாரும் இப்படி முன்கூட்டிச் சொன்னதாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் செய்யலாம். பழையனூரின் எல்லையை நடந்தே உறுதி செய்த மண் இது. நிலையத்து இளைஞர் இருவர் கையில் ஒரு சிறு வானொலிப் பெட்டியோடு கோபுரத்திலிருந்து புறப்படட்டும். மணவூர்ச் சாலையில், கனகம்மாசத்திரத்துச் சந்தையில், கரும்புத் தோட்டத்து வரப்பில் ஒலி எதுவரை தெளிவாக வருகிறது, எந்தத் தெருவில் மங்குகிறது என்று நடந்து குறிக்கட்டும். மங்கும் இடத்தில் நின்று, அங்கே திண்ணையில் இருப்பவரிடம் கேட்கட்டும்: எங்கள் குரல் உங்களுக்கு வேண்டுமா, வந்தால் எதைப் பேச வேண்டும்? அவர் சொல்லும் பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டு வரட்டும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தின் முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும்.